முதலும் வட்டியும் மடக்கையும்

பொதிய மலையிலே தோன்றிப் பாபநாசத்தில் சமவெளியை அடைந்து, திருநெல்வேலிச் சீமைக்கு வளமூட்டிப் புன்னைக்காயல் அருகே கடலொடு கலக்கும் பொருநையாறு, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நீளமே உடையது. நீளத்தாற் சிறிதாயினும் அது பயனாற் பெரிது. எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைத் தடுத்துக் கால்வாய்களில் திருப்புகின்றன. அந்நீரால் காரும் பிசானமும் ஆகிய இரு போகம் விளைகின்றது. நெல் விளையும் இடத்தில் அளவை வேண்டும். ஆகவே, 21 மரக்கால் ஒரு கோட்டை என்று அளந்தனர் இந்நாட்டார். அளவை உள்ள இடத்தில் கணக்கு உண்டு; கணக்கு உள்ள இடத்தில் கடனும் உண்டு; கடன் உள்ள இடத்தில் வட்டி உண்டு. அவ்வட்டி வளரும் முறையை அறிந்துகொள்வதற்கு உதவும் இரு கருவிகளே அடுக்கும் மடக்கையும் ஆகும். பொருளாதாரமும் வணிகமும் பயிலப் புகும் மாணவர்க்கு இவை இன்றியமையாதவை. அவற்றின் இயல்பை இப்பாடத்திற் காண்போம்.

பொருநைக் கரையில் உள்ள அம்பாசமுத்திரத்துக் கோயில் ஒன்றில், வட்டெழுத்தில் பொறிக்கப்பெற்ற பழைய கல்வெட்டு ஒன்று உள்ளது. அது வரகுண மகாராசன் என்னும் பாண்டிய மன்னன் காலத்தது; ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்டது. இறைவனுக்கு நாள் வழிபாடு தவறாது நடைபெறவேண்டும் என்று கருதிய மன்னன், இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 பொற்காசுகளை ஒப்புவித்தான். ஒரு காசுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் பொலியாக அளக்கவேண்டும் என்பது ஏற்பாடு. பொலி என்பது வட்டியைக் குறிக்கும் பழஞ்சொல். 290 காசுக்கு ஆண்டுப் பொலி 580 கலம் ஆகும். முதல் கெடாமல் இருக்கவேண்டும். பொலி மட்டும் வழிபாட்டிற்குச் செலவாகவேண்டும். அம்மன்னன் பெயரால் திருச்செந்தூரில் உள்ள மற்றொரு கல்வெட்டும், 1,400 காசுகளைப் பல ஊராரிடம் இவ்வாறே ஒப்புவித்த செய்தியைத் தெரிவிக்கின்றது.

இவ்வேற்பாட்டில் உள்ள நுட்பத்தைச் சிறிது ஆராய்வோம். முதலாண்டில் சபையார் அளக்கவேண்டிய நெல் 580 கலம்; பத்தாம் ஆண்டிலும் 580 கலமே; நூறாம் ஆண்டிலும் அதுவே. பொலி ஆண்டுதோறும் செலவாகிவிடுவதால், அது முதலோடு சேர்ந்து முதலைப் பெருக்குவதில்லை. நூறு ஆண்டுகளில் அளந்த நெல்லை எல்லாம் கூட்டினால் 58,000 கலம் ஆகும். இவ்வளர்ச்சி படிக்கட்டில் ஏறுவது போன்றது. ஒவ்வொரு படியும் ஒரே உயரம் உடையது. இதனைத் தனிவட்டி என்பர்.

இனி, வட்டியைச் செலவிடாமல் முதலோடு சேர்த்தால் என்ன நேரும்? அடுத்த ஆண்டில் முதலுக்கும் வட்டி உண்டு. வட்டிக்கும் வட்டி உண்டு. அப்பொழுது படிகள் ஒரே உயரமாக இரா. ஏற ஏற அவை உயர்ந்துகொண்டே செல்லும். இதனைக் கூட்டுவட்டி என்பர். 290 காசை ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து வீதம் கூட்டுவட்டிக்கு விட்டிருந்தால், நூறு ஆண்டுகளின் முடிவில் அது எவ்வளவாகும்? இருபதினாயிரம் என்பார் ஒருவர். ஓரிலட்சம் என்பார் மற்றொருவர். உண்மையில் அது ஏறத்தாழ 40 லட்சம் காசு ஆகும்! மனித அறிவு கூட்டலை எளிதில் மதிப்பிடும். பெருக்கலின் பெருக்கலை மதிப்பிடத் தடுமாறும். அத்தடுமாற்றத்தைத் தீர்ப்பதற்கே கணிதம் நமக்குத் துணை செய்கின்றது.

ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவதைச் சுருக்கி எழுதும் முறையே அடுக்கு. இரண்டை ஐந்து முறை எழுதிப் பெருக்கினால் 32 வரும். இதனை 2⁵ என்று எழுதுகிறோம். இங்கே 2 என்பது அடிமானம். 5 என்பது அடுக்கு. இவ்வெண்ணம் நம்மவர்க்குப் புதியது அன்று. திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி ஓதிய சிறுவர், ஒன்றில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கை முந்திரி என்றும், அம்முந்திரியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கைக் கீழ்முந்திரி என்றும் கற்றனர். முந்நூற்றிருபதை முந்நூற்றிருபதால் பெருக்கினால் 1,02,400 ஆகும். எனவே கீழ்முந்திரி என்பது ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு. அடுக்கு என்னும் பெயரைச் சொல்லாமலே அடுக்கின் பயனை அவர்கள் கையாண்டனர்.

அடுக்கிற்குச் சில எளிய விதிகள் உண்டு. 2³ என்பது 8. 2⁴ என்பது 16. இவ்விரண்டையும் பெருக்கினால் 128, அஃதாவது 2⁷ ஆகும். மூன்றும் நான்கும் கூடி ஏழாயின. எனவே, ஒரே அடிமானம் உடைய எண்களைப் பெருக்கும்போது அடுக்குகளைக் கூட்டினால் போதும். வகுக்கும்போது அடுக்குகளைக் கழித்தால் போதும். எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் ஒன்று வரும். அப்போது அடுக்கிலிருந்து அதே அடுக்கைக் கழிக்கிறோம். ஆதலின் சுழி அடுக்கின் மதிப்பு ஒன்று. அதற்கும் கீழே சென்றால் பின்னம் வரும்; 2⁻¹ என்பது அரை; 2⁻² என்பது கால்.

இவ்விதியின் பயனை ஒரு சிறு பட்டியலாற் காண்போம். 0, 1, 2, 3 முதல் 10 வரை உள்ள எண்களை ஒரு வரிசையில் எழுதுக. அவற்றின் கீழே 1, 2, 4, 8, 16, 32, 64, 128, 256, 512, 1,024 என எழுதுக. 16ஐ 64ஆல் பெருக்கவேண்டுமா? 16இன் மேலே 4 உள்ளது. 64இன் மேலே 6 உள்ளது. நான்கும் ஆறும் பத்து. பத்தின் கீழே 1,024 உள்ளது. அதுவே விடை. பெருக்காமலே பெருக்கினோம்; கூட்டினோம், அவ்வளவே. மேல் வரிசையில் உள்ள எண்களே கீழ் வரிசையில் உள்ளவற்றின் மடக்கைகள் ஆகும்.

ஆகவே மடக்கை என்பது ஒரு வினாவின் விடை. ‘இரண்டை ஐந்தாம் அடுக்கிற்கு உயர்த்தினால் என்ன?’ என்பது அடுக்கின் வினா, விடை 32. ‘இரண்டை எத்தனையாம் அடுக்கிற்கு உயர்த்தினால் 32 ஆகும்?’ என்பது மடக்கையின் வினா, விடை 5. வட்டிக் கணக்கிலும் இவ்விரு வினாக்களும் உண்டு. ‘இத்தனை ஆண்டில் என் கடன் எவ்வளவாகும்?’ என்று கேட்பவனுக்கு அடுக்கு விடை தரும். ‘என் கடன் இரு மடங்காவதற்கு எத்தனை ஆண்டு செல்லும்?’ என்று கேட்பவனுக்கு மடக்கை விடை தரும்.

நாம் காட்டிய பட்டியலில் 16க்கும் 32க்கும் இடையே உள்ள எண்களுக்கு இடமில்லை. எல்லா எண்களுக்கும் இத்தகைய பட்டியல் அமைத்தால் எத்துணை நன்மையாகும் என்று எண்ணி உழைத்தவர், ஸ்காத்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜான் நேப்பியர் என்பவர். வானநூலாரும் மாலுமிகளும் பெரிய எண்களைப் பெருக்கிப் பெருக்கிக் களைத்த காலம் அது. பல ஆண்டு உழைத்து, 1614ஆம் ஆண்டில் தம் நூலை அவர் வெளியிட்டார். இலண்டன் மாநகரிற் கணிதப் பேராசிரியராய் இருந்த ஹென்றி பிரிக்ஸ் அந்நூலைக் கண்டு வியந்து, மறு ஆண்டிலேயே நெடுவழி கடந்து எடின்பரோ சென்று நேப்பியரைச் சந்தித்தார். பத்தை அடிமானமாகக் கொள்வதே யாவர்க்கும் எளிது என்று இருவரும் கருதினர். 1617ஆம் ஆண்டில் நேப்பியர் மறைந்தார். பிரிக்ஸ் அப்பணியை மேற்கொண்டு, 1624ஆம் ஆண்டில் முப்பதினாயிரம் எண்களின் மடக்கைகளைப் பதினான்கு இலக்கம் வரை கணித்து வெளியிட்டார். எஞ்சியவற்றை ஹாலந்து நாட்டினராகிய விலாக் என்பவர் 1628இல் நிறைவு செய்தார். அவர்கள் செய்த உழைப்பின் பயனையே, பின்னாளில் நம் பள்ளி மாணவர் கிளார்க் அட்டவணை என்னும் சிறு புத்தகமாகக் கையிற் கொண்டனர்.

பத்தை அடிமானமாகக் கொண்ட மடக்கையில் 10க்கு மடக்கை 1, 100க்கு 2, 1,000க்கு 3. இரண்டின் மடக்கை 0.3010. அஃதாவது பத்தை 0.3010 என்னும் அடுக்கிற்கு உயர்த்தினால் ஏறத்தாழ இரண்டு வரும். 290இன் மடக்கையை எவ்வாறு காண்பது? 290 என்பது 100ஐ 2.9ஆல் பெருக்கியது. 100இன் மடக்கை 2, 2.9இன் மடக்கை 0.4624. இரண்டையும் கூட்ட, 2.4624 ஆகும். புள்ளிக்கு முன்னுள்ள முழுவெண், எண்ணின் அளவு நூறுகளிலா ஆயிரங்களிலா என்பதைக் காட்டும். புள்ளிக்குப் பின்னுள்ள பகுதி, அவ்வெண்ணின் இலக்கங்களைக் காட்டும்.

முன்னர்க் கூறிய 290 காசின் கணக்கை இப்போது நாமே செய்து பார்க்கலாம். நூற்றுக்குப் பத்து வட்டியென்றால், ஆண்டுதோறும் தொகை 1.1 மடங்காகும். 1.1இன் மடக்கை 0.0414. நூறு ஆண்டுக்கு அதனை நூறால் பெருக்க, 4.14 ஆகும். அதனோடு 290இன் மடக்கையாகிய 2.4624ஐக் கூட்ட, 6.6024 ஆகும். புள்ளிக்கு முன் 6 இருப்பதால் விடை பத்து லட்சங்களில் உள்ளது. 0.6024க்கு உரிய எண் ஏறத்தாழ 4. எனவே தொகை ஏறத்தாழ 40 லட்சம். நூறு பெருக்கல்கள் ஒரு பெருக்கலிலும் ஒரு கூட்டலிலும் முடிந்தன. நான்கு இலக்க அட்டவணையிற் சிறு பிழை உண்டு என்பதையும், நூறால் பெருக்கும்போது அப்பிழையும் பெருகும் என்பதையும் மாணவர் நினைவிற் கொள்ளவேண்டும்.

இனி, இரட்டிக்கும் காலத்தைக் காண்போம். இரண்டின் மடக்கையை, ஓராண்டின் வளர்ச்சிக்குரிய மடக்கையால் வகுத்தால் அக்காலம் கிடைக்கும். ஆண்டுக்கு நூற்றுக்கு 7 வட்டி தரும் சேமிப்பை எடுத்துக்கொள்வோம். 1.07இன் மடக்கை 0.0294. இதனால் 0.3010ஐ வகுத்தால் ஏறத்தாழ 10¼ வரும். பத்தேகால் ஆண்டில் பணம் இரட்டிக்கும். வட்டி 12 ஆயின், 1.12இன் மடக்கை 0.0492; காலம் ஏறத்தாழ 6 ஆண்டு. வணிகர் இதற்கு ஓர் எளிய வழி கூறுவர். 72ஐ வட்டி வீதத்தால் வகுத்தால் இரட்டிக்கும் காலம் தோராயமாகக் கிடைக்கும். 72ஐ 12ஆல் வகுத்தால் 6. 7ஆல் வகுத்தால் பத்துக்குச் சற்று மேல். அட்டவணை இல்லாத இடத்திலும் மனத்தாற் கணிக்க இது உதவும்.

இக்கணக்கு ஏட்டளவில் நிற்பதன்று. உயிரோடும் மானத்தோடும் தொடர்புடையது. ‘பத்து வட்டி’ என்று ஒருவர் கூறினால், ஆண்டுக்குப் பத்தா, மாதத்திற்குப் பத்தா என்று கேட்கவேண்டும். ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தானால், கடன் இரட்டிக்க 7¼ ஆண்டு செல்லும். மாதத்திற்கு நூற்றுக்குப் பத்தாகி, கட்டாத வட்டி முதலோடு சேருமானால், 7¼ மாதத்தில் கடன் இரட்டிக்கும். எண் ஒன்றே, காலம் வேறு, விளைவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

கார் நடவிற்காக ஓர் உழவர் 10,000 ரூபாயை மாதம் பத்து வட்டிக்கு வாங்கியதாகக் கொள்வோம். நான்கு மாதத்தில் அறுவடை முடிந்து கடனைத் தீர்த்தால், அவர் தரவேண்டியது 14,641 ரூபாய். மழை பொய்த்தோ, நெல் விலை வீழ்ந்தோ கடன் ஓராண்டு நீண்டால் அது 31,384 ரூபாய் ஆகும். இரண்டாண்டு நீண்டால் 98,497 ரூபாய். மூன்றாண்டு நீண்டால் மூன்று லட்சத்திற்கும் மேல். ஆண்டுக்கு ஏழு வட்டிக்கு அத்தொகையை அவர் பெற்றிருந்தால், ஓராண்டின் முடிவில் தரவேண்டியது 10,700 ரூபாயே ஆகும். உழவரைக் கடுவட்டியிலிருந்து காக்கும் பொருட்டே, இந்தியாவில் 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு உரிய சட்டம் இயற்றப்பெற்றது. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் முதலிய பெயர்களால் அளவுமீறி வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாடு 2003ஆம் ஆண்டில் தனிச் சட்டம் செய்தது. எனினும், 2017ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், கந்துவட்டித் தொல்லை குறித்து முறையிட்டு வந்த ஒரு குடும்பம் முழுவதும் திருநெல்வேலியில் மாண்ட துயரத்தை இந்நாடு கண்டது. சட்டம் காவலன், ஆனால் கையெழுத்திடும் முன்னரே கணக்கிட்டுப் பார்க்கும் அறிவு அதனினும் அண்மையில் நிற்கும் காவலன்.

பெருகுவதைப் போலவே தேய்வதற்கும் அடுக்குக் கணக்கு உண்டு. ஓர் அரிசி ஆலைக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குப் பொறி வாங்கினர். அதன் மதிப்பு ஆண்டுதோறும் எஞ்சிய மதிப்பில் நூற்றுக்கு 15 வீதம் குறைவதாகக் கணக்கர் எழுதுகின்றனர். ஆண்டுதோறும் மதிப்பு 0.85 மடங்காகின்றது. ஐந்தாண்டின் முடிவில் அது 0.85⁵ மடங்காகி, ஏறத்தாழ 44,371 ரூபாயில் நிற்கும். ஆண்டுக்கு 15,000 வீதம் கழித்து 25,000 என்று கூறுபவர், கூட்டற் கணக்கைப் பெருக்கற் கணக்கின் இடத்தில் வைத்தவர் ஆவர்.

மக்கட்பெருக்கத்திலும் இத்தவறு நேர்வதுண்டு. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் 1951ஆம் ஆண்டில் 3.01 கோடி மக்கள் இருந்தனர். 2011ஆம் ஆண்டில் 7.21 கோடியாயினர். அறுபது ஆண்டுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 140 வீதம் உயர்வு. இதனை அறுபதால் வகுத்து, ஆண்டுக்கு 2.33 வீதம் வளர்ந்தது என்று கூறலாமா? அவ்வாறு உண்மையில் வளர்ந்திருந்தால், 2011இல் மக்கள்தொகை ஏறத்தாழ 12 கோடியாக இருந்திருக்கும். மடக்கையைக் கொண்டு காண்போம். 7.21இன் மடக்கை 0.8579, 3.01இன் மடக்கை 0.4786. வேறுபாடு 0.3793. அறுபதால் வகுத்தால் 0.0063. அதற்குரிய எண் ஏறத்தாழ 1.0147. எனவே ஆண்டுச் சராசரி வளர்ச்சி நூற்றுக்கு 1.47 ஆகும். ஊருக்கு எத்தனை பள்ளி வேண்டும், எத்தனை மருத்துவமனை வேண்டும், வயலுக்கும் வீட்டுக்கும் எவ்வளவு நீர் வேண்டும் என்று திட்டமிடுவோர் இவ்வேறுபாட்டை அறியாவிடில் திட்டமே பிழைபடும்.

பொருளாதார நூல்களிற் காணும் சில வரைபடங்களில், 100க்கும் 200க்கும் உள்ள இடைவெளியும், ஒரு லட்சத்திற்கும் இரண்டு லட்சத்திற்கும் உள்ள இடைவெளியும் ஒரே அளவாக இருக்கும். அவை மடக்கை அளவையில் வரையப்பெற்றவை. அங்கே சம உயரம் சம மடங்கைக் காட்டும். நிலையான வீதத்தில் வளரும் தொகை, வழக்கமான தாளில் வளைந்து மேலே பாயும். மடக்கைத் தாளில் நேர்கோடாகச் செல்லும். நேர்கோடு சாயத் தொடங்கினால் வளர்ச்சி வீதம் தளர்ந்தது என்று அறியலாம். ஒரு சிறு கடையின் வளர்ச்சியையும் ஒரு பெரிய ஆலையின் வளர்ச்சியையும் ஒரே தாளில் ஒப்பிட இம்முறை ஏற்றது.

இன்று கைபேசியும் கணிப்பொறியும் நொடிப்பொழுதில் விடை தருகின்றன. மடக்கை அட்டவணையைப் புரட்டும் வேலை குறைந்துவிட்டது. ஆயினும், எந்த வினாவைக் கேட்பது என்பதை எந்தப் பொறியும் நமக்காகத் தேர்ந்து தராது. இது தனிவட்டியா, கூட்டுவட்டியா? காலம் மாதமா, ஆண்டா? எத்தனை காலத்தில் இரட்டிக்கும்? இவ்வினாக்களைக் கேட்கத் தெரிந்தவரே கணக்கு அறிந்தவர்.

மாணவர்களே, அம்பாசமுத்திரத்துக் கல்வெட்டை மீண்டும் நினைவு கூர்க. முதல் கெடவில்லை, பொலி முதலோடு சேரவில்லை, கொடுத்தவர் நோக்கமும் நிறைவேறியது, கொண்டவரும் தாம் அளக்கவேண்டிய நெல் எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிந்திருந்தனர். யாவரும் காணும்படி அக்கணக்கு கல்லிலே வெட்டப்பெற்றது. கடன் கொடுப்பதும் கொள்வதும் உலக வாழ்வில் இயல்பு. இருவரும் கணக்கை ஒருங்கே அறிந்திருப்பதே அதில் நேர்மை. நாளை நீங்கள் கடைக்கணக்கு எழுதலாம், வங்கியில் அமரலாம், வயலை உழலாம். எங்கிருப்பினும், உங்கள் வீட்டுப் பெரியவர் ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்திடப் போகும் பொழுது, அருகில் அமர்ந்து கணக்கிட்டுக் காட்டுங்கள். நீங்கள் கற்ற அடுக்கும் மடக்கையும் அன்று முழுப்பயன் எய்தும்.